குணசேகரனுக்கு ஒரு பாடம்

மார்ச் 6, வியாழன்

கொளுத்தும் வெயில். கிள்ளானில் ஆசிரியர் பயிற்சி, நாள் முழுக்க. மண்டபம் நிறையத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். மதியம் பிரியாணிப் பொட்டலம். அதுவரை நன்றாகத்தான் போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு குணசேகரன் பேச எழுந்தார். தலைப்பு: முதலாம் வகுப்பில் வாசிப்பு. தூங்கி வழிகிறவர்களை எழுப்ப ஒரு கதை சொன்னார்.

"பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளி. அங்க ஒரு டீச்சர். உக்காந்து உக்காந்து பட அட்டை செஞ்சாங்க. மேல யானைப் படம், கீழ யானைன்னு எழுத்து. பிள்ளைங்க கடகடன்னு வாசிக்குதுங்க. டீச்சருக்கு ஒரே குஷி. மேலதிகாரியக் கூப்பிட்டுக் காட்டுனாங்க. அவரு என்னா செஞ்சாரு? எழுத்த மூடிட்டாரு. அப்பவும் பிள்ளைங்க யானைன்னுதான் வாசிக்குதுங்க! படத்த மூடுனாரு. கிளாஸே கப்சிப்!"

மண்டபம் அதிர்ந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் புவனேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த டீச்சர் நான்.

பெயர் சொல்லவில்லையாம். பெரிய உபகாரம். பந்திங் பக்கம் முதலாம் வகுப்புக்கு அட்டையும் கையுமாகத் திரிகிறவள் வேறு யார்? முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். அண்ணி, "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். வெயில் என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

கதையை அவரிடம் சொன்னதே நான்தான். அதுதான் நெஞ்சைக் குடைகிறது.

சனிக்கிழமைக் கூட்டம் என் யோசனை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளியில் மொத்தமே நான்கு ஆசிரியர்கள். ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் கேட்க ஆளில்லை. கேட்டால், "தோட்டத்துப் பிள்ளைங்க அப்படித்தான் டீச்சர், விடுங்க." விட முடியவில்லை. கல்லூரியில் கூடப் படித்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். உன் வகுப்பில் எது நடக்கவில்லை, என் வகுப்பில் எது நடக்கவில்லை, பேசலாமா? முதலில் ஜெஞ்சாரோமிலிருந்து புவனேஸ் வந்தாள். பிறகு பிரிக்பீல்ட்ஸ் தம்பிராஜா சார், யாழ்ப்பாணத்து மூத்த ஆசிரியர், தன் வீட்டு ஹாலையே கொடுத்தார். இப்போது ஏழெட்டுப் பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை. மேலே இருந்து உத்தரவு இல்லை, படி இல்லை, பஸ் காசு அவரவருடையது.

இரண்டே சட்டம். ஜெயித்த பாடத்தைக் கொண்டுவரக் கூடாது. தோற்ற பாடத்தை மட்டும்தான் கொண்டுவர வேண்டும்; பிறகு அதை எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்லலாம். அந்த வீட்டுக்கு வெளியே அதைப் பேசக் கூடாது. அந்தச் சட்டங்களால்தான் எல்லாரும் வாய் திறந்தோம். பயிற்சிக் கல்லூரியில் படித்ததைவிட அந்த ஹாலில் நான் படித்தது அதிகம்.

குணசேகரன் இரண்டு வருடமாக வருகிறார். கிள்ளானில் ஆசிரியராக இருந்து, இப்போது மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பதவிக்குப் போனவர். இதுவரை ஒரு தோற்ற பாடம்கூடக் கொண்டுவந்ததில்லை. "நான் இன்னைக்குக் கேட்டுக்கிறேன்லா" என்பார். கேட்டார். நன்றாகவே கேட்டிருக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

பள்ளிக்குள் நுழையும்போதே தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, "என்னா டீச்சர், யானை சௌக்கியமா?" என்றார். கிராணி வரைக்கும் போய்விட்டது.

தலைமையாசிரியர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"பயிற்சியில என்னமோ நம்ம ஸ்கூலப் பத்திப் பேச்சு வந்துச்சாம்."

"அது பழைய விஷயம் சார். அட்டைய அப்பவே நிறுத்திட்டேன். இப்ப வேற மாதிரிதான் நடத்துறேன்."

"இருக்கட்டும் டீச்சர். மேல உள்ளவங்க கேட்டா நான் பதில் சொல்லணும்ல? முதலாம் வகுப்ப மாத்திடுறேன். நீங்க அஞ்சாம் வகுப்பு எடுங்க, கூட சுகாதாரக் கல்வி."

பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. என் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் நானே பிரித்தேன். முதலாம் வகுப்பு லெட்சுமி பின்னாலேயே வந்து, "டீச்சர், நீங்க வேற ஸ்கூலுக்குப் போறீங்களா?" என்றாள். இல்லை, பக்கத்து அறைக்குத்தான் என்றேன். அவள் நம்பவில்லை.

அழவில்லை. பஸ்ஸிலும் அழவில்லை. இதைக் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

செய்யக்கூடியவை:

மொட்டைக் கடிதம். வேண்டாம். என் கையெழுத்தைப் பாதிச் சிலாங்கூருக்குத் தெரியும்.

நேரில் போய்க் கேட்பது. மன்னிப்புக் கேட்டுவிடுவார், சிரித்துக்கொண்டே. பிறகு நான் என்ன செய்வது?

அவர் மனைவியிடம் சொல்வது. சீ.

கூட்டத்திலிருந்து நீக்குவது. புவனேஸ் இதைத்தான் சொல்கிறாள். நேற்று போனில், "அந்த ஆள வாசல்லயே நிறுத்தணும். தம்பிராஜா சார்கிட்ட நான் பேசுறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் நம்பமுடியாமல், "உனக்குக் கோவமே வரலயா?" என்றாள்.

வருகிறது. நீக்கினால் அது அவருக்கு நஷ்டமே இல்லை. தொடர்ந்து வரட்டும். ஏன் என்று இன்னும் தெரியவில்லை. வரட்டும்.

பல்வலி. கிராம்பு.

மார்ச் 19, புதன்

பந்திங் பஸ்ஸில் வந்தது யோசனை. சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல, பக்கத்தில் காய்கறிக் கூடையோடு இருந்த சீன அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அவருக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. அவருடைய பயிற்சிகளில் பேசுவதெல்லாம் எங்கள் ஹாலில் எடுத்தது. புவனேஸின் மணல் தட்டு, தம்பிராஜா சாரின் கடைத்தெரு விளையாட்டு, எல்லாம். யாருடையது என்று சொல்வதில்லை. எடுத்ததை ஒரு பிள்ளையிடமாவது செய்து பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். அவர் வகுப்பறையை விட்டுப்போய் வெகு காலமாகிறது.

அப்படியானால் நான் எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொண்டு போவார்.

சுத்தமான உளறல் ஒன்றைக் கொடுத்தால்?

மார்ச் 23, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. நாள் முழுக்க உளறலைத் தயாரித்தேன். இவ்வளவு சந்தோஷமாகப் பாடக் குறிப்பு எழுதி வருடங்கள் ஆகின்றன.

பெயர்: வால் முறை. சொல்லின் முதல் எழுத்தைக் கற்பிக்கக் கூடாது. கடைசி எழுத்தை, அதாவது வாலை, முதலில் கற்பிக்க வேண்டும். மரம், படம், பழம், குளம் எல்லாவற்றிலும் தலையை மூடிவிட்டு ‘ம்’ மட்டும் காட்டு. பிள்ளை வாலைப் பிடித்துக்கொண்டு தலைக்குப் போகும்.

போகாது. எந்தப் பிள்ளையும் போகாது. ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது. வால் என்ற சொல் அவருக்குப் பிடிக்கும். மேடையில் சொல்லலாம்.

அண்ணி எட்டிப் பார்த்து, "ஞாயித்துக்கிழமையும் ஸ்கூல் வேலயா? பாவம்" என்று மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 5, சனி

பிரிக்பீல்ட்ஸ். தம்பிராஜா சார் வீடு. பக்கத்துக் கோவிலில் ஏதோ விசேஷம், மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. குணசேகரன் வந்தார். புதுச் சட்டை. என்னைப் பார்த்து, "வசந்தா டீச்சர், அன்னைக்குத் தப்பா எடுத்துக்கலயே? பேரு சொல்லலயே" என்றார்.

"ச்சே, இல்ல சார். நல்லாச் சொன்னீங்க."

புவனேஸ் என்னை முறைத்தாள்.

என் முறை வந்ததும் சொன்னேன். பட அட்டை தோற்றது எல்லாருக்கும் தெரியும், அதற்குப் பிறகு போன வருடம் நான் என்ன செய்தேன் என்றால், என்று ஆரம்பித்து வால் முறையைச் சொன்னேன். படிக்காத பிள்ளைகள் எல்லாம் படித்தன என்றேன். தம்பிராஜா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதுசா இருக்கு. ஏன் அப்பிடி நடக்குதெண்டு விளங்கேல்ல" என்றார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை சார் என்றேன். அது ஒன்றுதான் நான் அன்று சொன்ன உண்மை.

குணசேகரன் எழுதிக்கொண்டார். பேனா நிற்கவே இல்லை.

திரும்பும்போது ரோட்டோரக் கடையில் புவனேஸும் நானும் வடை சாப்பிட்டோம். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முகத்தில் எதுவும் ஒளியாது. அவளுக்குத் தெரிந்தால் அவருக்கும் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 16, புதன்

ஐந்தாம் வகுப்புக்குப் பல் துலக்கும் பாடம். எனக்கே பல்வலி.

புவனேஸ் போன் செய்தாள். "வால் முறையில ம் முடிஞ்சப்புறம் எந்த எழுத்து? ல்லா, ன்னா?"

"ஏன் கேக்குற?"

"செஞ்சு பாக்குறேன்லா. எங்கிட்ட ஒண்ணுமே ஏறாம அஞ்சாறு பிள்ளைங்க இருக்கே. ரீசெஸ்ல உக்கார வெச்சு நடத்துறேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ல்" என்றேன்.

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அண்ணனுக்குப் போன் வேண்டியிருந்தது. "முடிஞ்சதா?" என்றார். முடிந்தது என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சுற்றறிக்கை. மே எட்டாம் தேதி பங்சாரில் ஒரு பள்ளி மண்டபத்தில் பெரிய பயிற்சி. கல்வி இலாகா மேலதிகாரி வருகிறார். மாதிரிப் பாடம், உண்மையான பிள்ளைகளோடு: திரு. குணசேகரன். தலைப்பு: வாசிப்பில் ஒரு புதிய அணுகுமுறை — வாலிலிருந்து தலைக்கு.

இரண்டு தடவை படித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். தலைமையாசிரியர், "நீங்களும் போங்க டீச்சர், உங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். போகாமல் இருப்பேனா சார்.

புதுப் புடவை ஒன்று எடுக்க வேண்டும்.

மே 3, சனி

இந்த மாதக் கூட்டம் இல்லை. பாதிப் பேர் பங்சார் பயிற்சிக்கு வருவதால் தம்பிராஜா சார் தள்ளி வைத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று. புவனேஸின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

கிள்ளானில் புடவை எடுத்தேன். மயில்கழுத்து நிறம். அண்ணி, "யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

மே 8, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன், மறக்காமல் இருக்க.

மண்டபம் நிரம்பி, ஓரத்திலும் ஆள் நின்றார்கள். புவனேஸும் நானும் நடு வரிசை. மேடையில் அந்தப் பள்ளியின் முதலாம் வகுப்புப் பிள்ளைகள், முகத்தில் பவுடர் பூச்சோடு. மேலதிகாரி முன்னால், நரைத்த தலை, கறாரான அம்மா.

குணசேகரன் ஆரம்பித்தார். மரம். தலையை மூடினார். ‘ம்’ மட்டும் தெரிந்தது. "இது என்னா?"

"ம்ம்ம்ம்."

படம். மூடினார். "ம்ம்ம்ம்."

பழம். "ம்ம்ம்ம்." பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அட்டையைத் தூக்கும் முன்பே ம்ம்ம்ம். மண்டபத்துக்குள் தேனீக்கூடு புகுந்த மாதிரி. ஒரு பயல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ம்ம்ம்ம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள், பிள்ளைகளும் சேர்ந்து. நான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும் என்று இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு டீச்சர் எழுந்தார். "சார், மரம், படம், பழம், மூணுக்கும் வால் ஒண்ணுதானே? எது எதுன்னு பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"அது... போகப் போக வந்துடும்."

"எப்படி வரும் சார்?"

வேர்த்தார். கைக்குட்டையை எடுத்தார். மேலதிகாரி அம்மா, "மிஸ்டர் குணசேகரன், இத எந்த வகுப்புல செஞ்சு பாத்தீங்க?" என்றார்.

அப்போதுதான் அவர் அதைச் செய்தார். நான் கனவிலும் நினைக்காதது.

"மேடம், இது என் சொந்த முறை இல்ல. பந்திங்கில இருக்காங்க, வசந்தா டீச்சர். அவங்க கண்டுபிடிச்சது. அவங்க நல்லா வருதுன்னு சொன்னதாலதான் நான்... அதோ, அங்கதான் உக்காந்திருக்காங்க."

இரண்டு வருடமாக எங்களிடமிருந்து எடுத்த எதற்கும் யார் பெயரையும் சொல்லாத மனுஷன். முதல் தடவையாக என் பெயரைச் சொன்னது, பழியைப் போட.

அத்தனை தலையும் திரும்பியது. "எழுந்திரிங்க டீச்சர், விளக்கம் குடுங்க" என்றார் மேலதிகாரி.

எழுந்தேன். புதுப் புடவை சரசரத்தது. நான் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது:

"இது முறையே இல்ல மேடம். பஸ்ல வரும்போது நான் கட்டுன கதை. ஒரு பிள்ளைகிட்டயும் நான் செஞ்சு பாக்கல. இவரும் பாக்கல. செஞ்சு பாக்காமலே மேடைக்குக் கொண்டு வருவாரான்னு பாக்கத்தான் சொன்னேன். வந்துட்டாரு."

குணசேகரனின் கையில் பழம் அட்டை. முகத்தில் இரத்தமே இல்லை. மார்ச் ஆறாம் தேதியிலிருந்து நான் பார்க்கக் காத்திருந்த முகம். பார்த்தேன். கண் நிறையப் பார்த்தேன்.

பிறகு பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. புவனேஸ் குடையை எடுத்தாள், பையை எடுத்தாள், என் முழங்காலைத் தாண்டி வெளியே போனாள். என்னைப் பார்க்கவே இல்லை.

மே 9, வெள்ளி

இரண்டு பேரும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். எழுதினேன். ஒரு பக்கம்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். காலையில் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். கிராணி என்னைப் பார்த்ததும் சைக்கிளை வேறு பக்கம் திருப்பினார். இனி யானை இல்லை.

புவனேஸ் வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்தேன். அவள் அம்மா, "இப்பத்தான் கடைக்குப் போனா." மூன்று தடவையும் கடைக்கு.

மே 17, சனி

ஜெஞ்சாரோமுக்கே போனேன். புவனேஸ் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அவனுக்கு வெச்ச விஷத்த எனக்கும் ஊத்திக் குடுத்துட்ட" என்றாள். துணியைப் பிழிந்துகொண்டே.

"உங்கிட்ட சொன்னா அவருக்குத் தெரிஞ்சுடும்னு..."

"நான் போன் செஞ்சு கேட்டேன்ல? எந்த எழுத்துன்னு கேட்டேன்ல? அப்பவாவது வாயத் தொறந்தியா? ல்லுன்னு சொன்ன. தினம் ரீசெஸ்ல சாப்பிடாம உக்காந்தேன் வசந்தா. பிள்ளைங்களயும் வெளயாட விடல. அதுங்க என்னா பாவம் செஞ்சுச்சுங்க?"

துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அவன் நம்ம கதைய வெளிய சொன்னான். சரி, அயோக்கியன். நீ நம்ம ஹாலுக்குள்ளயே பொய் சொன்ன. இனிமே யாரு என்னா சொன்னாலும் நான் எப்படி நம்புறது?"

வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் கேட்கவில்லை. கொடுக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நின்றேன். ஆரம்பித்தது அவர்தானே, நானா? திரும்பத் திரும்ப இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். கிள்ளான் வந்தபோது அது எனக்கே சலித்துவிட்டது.

மே 28, புதன்

செய்தி. குணசேகரனைப் பயிற்சிப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜூன் முதல் பழையபடி பள்ளி. கிள்ளானில். முதலாம் வகுப்பு! முதலாம் வகுப்பு!

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். தலைமையாசிரியர் அதை எனக்கு முன்னால் நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஐந்தாம் வகுப்பு தொடரும்.

சாயங்காலம் அண்ணியோடு பாசார் மாலாம் இரவுச் சந்தை. சோளம் வாங்கித் தின்றேன். முதலாம் வகுப்பு! அவர் மூக்கைச் சிந்திவிடுவார், அவர் பென்சில் சீவுவார், அவர் கால்சட்டை நனைத்த பிள்ளையைக் கழுவிவிடுவார். நினைக்க நினைக்க இனித்தது. புவனேஸிடம் சொல்லவேண்டும் என்று எண்களைச் சுழற்றி, பாதியில் வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

பிரிக்பீல்ட்ஸ். எல்லாரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். எனக்கு முன்பே பேசியும் முடித்திருந்தார்கள், தெரிந்தது.

தம்பிராஜா சார்தான் சொன்னார். "பிள்ளை, நீர் செய்தது எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பாத்தான் கிடந்தது. ஆனா பிழை. இந்த ஹோலில ஒருத்தர் சொன்னா மற்றவை போய்ப் பிள்ளையளுக்குச் செய்யினம். உம்மட சண்டைக்கு அந்தப் பிள்ளையள் என்ன செய்யும்?"

வெளியே போகச் சொல்லவில்லை. வரலாம். கேட்கலாம். மூன்று கூட்டத்துக்கு வாய் திறக்கக் கூடாது. புவனேஸ் வைத்த நிபந்தனையாம். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஆரம்பித்த கூட்டம். நான் போட்ட கடிதங்கள். எழுந்து போய்விடலாம் என்று செருப்புவரை வந்தேன். போட்டேன். கழற்றினேன். உள்ளே போய் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

டீ நன்றாக இல்லை.

ஜூலை 5, சனி

காலையில் மழை, பஸ் தாமதம். புவனேஸின் முறை. என்னைப் பார்க்காமலே ஆரம்பித்தாள்.

"வால் முறை பொய். எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைங்கள பாதியில விட மனசு வரல. ம்ம விட்டுட்டேன். ல்ல வெச்சேன். தலைய மூடல. வால அப்படியே வெச்சுட்டு தலைய மட்டும் மாத்துனேன்."

பையிலிருந்து எடுத்தாள். கெட்டி அட்டையில் செய்தது. வலது பக்கம் ல் ஒட்டியிருக்கிறது. இடது பக்கம் ஒரு சன்னல் வெட்டி, அதற்குள் ஒரு பட்டை. பட்டையை இழுக்க இழுக்க: கல். பல். வில். நில். நெல். சொல்.

"ரெண்டு பிள்ளைங்க வாசிக்குதுங்க. மூணாவது இந்த வாரம் வில்லுன்னு வாசிச்சுட்டு, தானே சிரிச்சுக்கிச்சு. மத்ததுங்க இன்னும் இல்ல. ஏன்னு தெரியல. அதான் கொண்டாந்தேன்."

பட்டை கை மாறி என்னிடம் வந்தது. இழுத்துப் பார்த்தேன். கல், பல், வில். என் உளறலில் இருந்து இதை எடுத்திருக்கிறாள். நான் அவரை வீழ்த்த வெட்டிய குழியில் இவள் விதை போட்டிருக்கிறாள்.

மற்றவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பொறாமையா, வெட்கமா, என்னவென்று தெரியவில்லை. வெளியே வரும்போது புவனேஸ், "குடை வெச்சிருக்கியா?" என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் கோபமில்லாமல் என்னிடம் பேசியது இது ஒன்றுதான். இருக்கிறது என்றேன்.

ஆகஸ்டு 2, சனி

இன்று வாய் திறக்கலாமா என்று புவனேஸிடம் கேட்டேன். இதோடு மூன்றாவது கூட்டம், முடியட்டும் என்றாள். சரி.

நாலு மணிக்குக் கேட் சத்தம். குணசேகரன்.

யாரும் வாங்க என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றார். இளைத்திருந்தார். சட்டைப் பையில் சாக்பீஸ் தூள். "ஒரு தோத்த பாடம் இருக்கு. கொண்டு வரலாமா சார்?" என்றார் தம்பிராஜா சாரிடம். சார் எங்களைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லாததால் உட்காரச் சொன்னார்.

சொன்னார். அவருடைய முதலாம் வகுப்பில் ஒரு மேசைப் பிள்ளைகள் எழுத்து என்றாலே தலையைக் குனிந்துகொள்கிறார்களாம். மணல் தட்டு வைத்தார். கடைத்தெரு விளையாட்டு வைத்தார். புவனேஸின் பட்டையைப் பற்றி யாரோ சொல்லி அதையும் செய்தார். பட்டையை இழுத்து விளையாடுகிறார்கள், எழுத்தைப் பார்ப்பதே இல்லை. "ஒரு பொம்பளப் பிள்ள என்னைக் கண்டாலே மேசைக்கு அடியில போயிடுது. என்னா செய்றதுன்னு தெரியல. நான் மேடையில என்னென்னமோ பேசிருக்கேன். ஒண்ணுமே தெரியல."

குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. நான் உற்றுப் பார்த்தேன், நடிப்பாக இருக்க வேண்டும் என்று. இல்லை.

எல்லாரும் ஏதேதோ சொன்னார்கள். எதுவும் சரியில்லை. எனக்குத் தெரியும். என்னிடம் லெட்சுமி அப்படித்தான் இருந்தாள், மேசைக்கு அடியில். எழுத்தைக் காட்டவே கூடாது. அவள் பெயரைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயரை எழுதி ஒரு அட்டை. படம் கிடையாது. காலையில் பால் கொடுக்கும்போது, புத்தகம் கொடுக்கும்போது, பெயரைக் கண்டுபிடித்து உரியவனிடம் கொடு என்று ஒருவரை அனுப்ப வேண்டும். தன் பெயரைத் தெரிந்துகொள்ளாத பிள்ளை கிடையாது. பிறகு சிநேகிதியின் பெயர். லெட்சுமியின் லெ இரண்டு வாரத்தில் எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரிந்தது.

புவனேஸுக்கு நினைவு வந்துவிட்டது. அவளே தன் நிபந்தனையை உடைத்தாள். "வசந்தா, லெட்சுமின்னு ஒரு பிள்ள இருந்துச்சே உங்கிட்ட? அதுக்கு என்னமோ செஞ்சியே. சொல்லு, பரவால்ல."

குணசேகரன் என்னைப் பார்த்தார். கையில் பேனா.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

கறி எடுக்கக் கிள்ளான் பாசாருக்குப் போனேன். மீன்தான் வாங்கி வந்தேன்.

ஞாபகம் இல்லையாம்.

நன்றாகத்தான் இருந்தது அந்த நிமிடம். பேனா மூடியை அவர் மூடிய விதம். இரண்டு தடவை நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது தடவை நினைத்தபோது மேசைக்கு அடியில் இருந்த பிள்ளைதான் வந்தது. முகம் தெரியாத பிள்ளை. லெட்சுமியின் முகத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது.

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். அவர் தேய்ந்து போகட்டும். அந்தப் பிள்ளை எதற்குத் தேய வேண்டும்?

ஆகஸ்டு 5, செவ்வாய்

புவனேஸுக்குப் போன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஞாபகம் வந்துடுச்சா?" என்றாள்.

"எப்பப் போச்சு, வர்றதுக்கு."

"தெரியும். உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சது."

முழுவதும் சொன்னேன். பெயர் அட்டை, எந்த அளவு, எந்த மை, பால் கொடுக்கும் நேரம், அவசரப்படுத்தக் கூடாது, மேசைக்கு அடியில் இருந்தால் அட்டையை மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், இழுக்கக் கூடாது. அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இதையும் ஒரு பிள்ளையிடம் செய்து பார்த்துவிட்டுத்தானே சொல்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தப்பில்லை.

"நான் அவர்கிட்ட சொல்லிடுறேன். நீ சொன்னதாச் சொல்லட்டுமா, வேணாமா?"

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

"சொல்லணும். என் பேரச் சொல்லணும். அப்பா பேரோட, முழுசா. அவரு அவரோட ஸ்டாஃப் ரூம்ல சொல்லணும், ஹெட்மாஸ்டர் முன்னாடி சொல்லணும். யாராவது ‘எப்படி சார் அந்தப் பிள்ளை வாசிக்குது’ன்னு கேட்டா, மொதல்ல என் பேரு வரணும், அப்புறந்தான் முறை வரணும். ஒவ்வொரு தடவையும். சாகுற வரைக்கும்."

புவனேஸ் சிரித்த சிரிப்பில் அவள் அம்மா உள்ளிருந்து என்னடி என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"நீ மாறவே மாட்ட."

"மாட்டேன். எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

படித்தாள். என் பெயரில்தான் ஆரம்பித்தாள்.